வேலிக்கு உள்ளே ஒன்பதடி

படிவத்தின் முதல் பக்கத்தில் நிரப்பியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது முப்பத்து மூன்று. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். தற்காலிகப் பணி என்று சொல்லிச் சேர்த்தார்கள், இன்று வரை தற்காலிகப் பணிதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இறந்துபோனவர் என் கணவர். அவருடைய தொழில் என்ன என்று கேட்டதற்கு, பெயின்டர் என்று சொன்னேன். பெயின்ட் வேலை இல்லாத நாட்களில் சில்லு எடுக்கப் போவார் என்றும், வருடத்தில் பெயின்ட் வேலை இல்லாத நாட்கள்தான் அதிகம் என்றும் சொன்னேன்.

சில்லு என்றால் என்ன என்று எழுத்தில் இருக்க வேண்டும் என ஆய்வாளர் ஐயா கேட்பதால் சொல்கிறேன். அது பச்சை நிறக் கண்ணாடி. மனிதர் செய்தது அல்ல. எங்கள் பகுதியில் எட்டடிக் களிமண்ணுக்குக் கீழே இருக்கும் சரளை அடுக்கில் கிடக்கும். பல லட்சம் வருடங்களுக்கு முன்னால் வானத்திலிருந்து பெரிய கல் ஒன்று எங்கோ விழுந்து மோதியதில், அங்கிருந்த மண் உருகித் தெறித்து, ஆறிக் கண்ணாடியாகி இங்கே வந்து விழுந்ததாகப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு முறை எங்கள் தெருவுக்கு வந்து சொன்னார்கள். "எங்கயோ வாங்கின அடி, நம்ம தலையில வந்து விழுந்திருக்கு" என்று என் கணவர் சிரித்தார். காய்ந்த சில்லுக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, நனைந்தால்தான் மின்னும். அதனால் குழிக்குள் போகிறவர்கள் ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோய், சரளைச் சுவரில் கையால் தெளித்து, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அவர் எடுத்து வருவதை நான் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே குமிழியும் மேலே சுருக்கமும் பார்த்துத் தரம் பிரிப்பேன். இதைச் சொன்னால் நானும் வழக்கில் வருவேன் என்று எச்சரிக்கப்பட்டேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருப்பது சரளை கம்பெனியின் இடம். கம்பெனி இயந்திரம் வைத்துத் தோண்டும் சரளையிலும் சில்லு இருக்கிறது. அவர்கள் அதைப் பொறுக்குவதில்லை, சரளையோடு சேர்த்து அரைத்து ரோட்டுக்குப் போடுகிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் போட்டிருக்கும் ரோடு மழை பெய்து வெயிலடித்தால் பச்சையாக மினுக்கும். அரைத்தால் ரோடு, பொறுக்கினால் திருட்டு. சென்ற வருடம் வேலிக்கு உள்ளே பொறுக்கியதாக என் கணவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். நாற்பத்தோரு நாள் உள்ளே இருந்தார். மறுபடி கம்பெனி இடத்தில் காலெடுத்து வைத்தால் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் போக வேண்டும் என்று இதே நிலையத்தில் சொல்லி எழுதி வாங்கினார்கள். அன்று கம்பெனி சார்பில் எழுதி வாங்கிய மேற்பார்வையாளரும் சம்பவ நாளில் நின்ற மேற்பார்வையாளரும் ஒரே ஆள்தான்.

எங்கள் தெருவில் சில்லு எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே தோண்டுகிறோம் என்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கேட்பதே மரியாதை இல்லை. கேட்டால் எதிர்த் திசையைச் சொல்வார்கள். விடிகாலையில் சைக்கிளில் கடப்பாரையோடு போன ஒருவரை "எங்க பயணம்?" என்று கேட்டதற்கு, "பல் டாக்டர்கிட்ட" என்றாராம். "கடப்பாரையோடயா?" என்றதற்கு, "கடவாய்ப் பல்லு, கொஞ்சம் கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொன்னவர் என் கணவர்தான். பெண்டாட்டிக்கும் உண்மையான இடத்தைச் சொல்ல மாட்டார்கள். "உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சி சொல்லிடும்" என்பார். அவர் எனக்குச் சொல்லும் இடம் எப்போதும் பழைய செங்கல் சூளைப் பள்ளம். அது கைவிட்ட பொது இடம், அங்கே யாரும் தடுப்பதில்லை, அங்கே சில்லும் இல்லை.

அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்றே சொல்கிறேன். நான் கறை பார்த்துப் பிழைக்கிறவள். எந்தப் படுக்கை விரிப்பு எந்த வார்டிலிருந்து வந்தது என்று பிரிக்காமலேயே சொல்வேன். சூளைப் பள்ளத்து மண் சிவப்பு. ஏழு வாரமாக அவர் சட்டையிலும் கால்சட்டை முட்டியிலும் ஒட்டி வந்தது சாம்பல் நிறக் களிமண். வேலியோரத்தில் கம்பெனி தோண்டிக் குவித்திருக்கும் மண்ணும் சாம்பல் நிறம்தான். அப்படி ஒரு மண் எங்கள் பகுதியில் வேறு எங்கும் கிடையாது. இரண்டு தண்ணீர் மாற்றினாலும் போகாது, வாளியடியில் பசை மாதிரி நிற்கும். நான் துவைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும், நான் நம்பிய மாதிரி நடிக்க வேண்டியிருக்கும்.

சம்பவ நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் மூன்று நாள் மழை. காலை ஆறு மணிக்கு என் கணவர் குட்டை மண்வெட்டி, கடப்பாரை, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், துணிப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். "ஏங்க, மண்ணு ஊறிக் கெடக்கு, இன்னைக்கு வேணாமே" என்றேன். "தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம். சூளைப் பள்ளம்தான், நான் என்ன சுரங்கத்துக்கா போறேன்?" என்றார். அதன் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

எவ்வளவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு மேலேறி விடுவது அவர் பழக்கம். பன்னிரண்டே முக்காலுக்கும் வரவில்லை. போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஒன்றேகாலுக்கு, தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனிடம் போய்ச் சொன்னேன். அவரும் முன்பு சில்லு எடுத்தவர், இரண்டு விரல் நசுங்கிய பிறகு விட்டுவிட்டார். "உங்க அண்ணன் எங்க தோண்டுறாருன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "என்கிட்ட சூளைப் பள்ளம்னு சொல்லுச்சு அண்ணி. அப்படின்னா அங்க இல்லன்னு அர்த்தம்" என்றார். பேச்சைக் கேட்டுக் கடையிலிருந்தவர்கள் கூடிவிட்டார்கள், சூளைப் பள்ளம் என்ற சொல் மட்டும் தெரு முழுக்கப் போய்விட்டது. அதன் பிறகு எல்லோரும் அங்கே ஓடினார்கள், நாங்களும் ஓடினோம்.

சூளைப் பள்ளத்தில் மழைக்கு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் தெருக்காரர்கள் கத்திக்கொண்டு இறங்கி, கையாலும் தகரத்தாலும் வாரத் தொடங்கினார்கள். யாரோ போன் செய்து இரண்டு மணிக்குக் காவல்துறையும், அதன் பிறகு தீயணைப்பு வண்டியும் வந்தன. பக்கத்தில் இயந்திரம் உள்ள இடம் கம்பெனி என்பதால், ஆய்வாளர் ஐயா கேட்டு, இரண்டேகாலுக்குக் கம்பெனியின் மண் தோண்டும் இயந்திரம் மேற்பார்வையாளரோடு வந்தது. சொன்னவுடனே வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அங்கே அவர் சைக்கிள் இல்லை. அந்த மண் சிவப்பு. அங்கே போய் நின்ற நிமிடமே அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆய்வாளர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "இங்கதானாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டார். அவருக்கு வலது பக்கம், கை எட்டும் தூரத்தில், மேற்பார்வையாளர் நின்றிருந்தார். "இங்கதான் ஐயா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று இங்கே நான்கு முறை கேட்கப்பட்டேன். நான்கு முறையும் ஒரே பதில்தான். வேலிப் பக்கம் என்று சொன்னால் அவர் வெளியே வந்த கையோடு உள்ளே போவார். அவர் செத்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கால் மாட்டியிருக்கும், நாலு பேர் போனால் இழுத்துவிடலாம், பின்பக்கமாக வீட்டுக்குக் கூட்டிவந்து குளிக்க வைத்து, ஆள் வந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துவைக்கும் துணியைக்கூட மனதில் எடுத்து வைத்துவிட்டேன்.

அதன் பிறகு கொழுந்தனிடம், "தம்பி, நேத்து ஊறவச்ச சட்டை வாளியிலயே இருக்கு, கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா, "இந்த நேரத்துல சட்டையா முக்கியம்?" என்று என்னைத் திட்டினார். கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தார். அந்த வாளியடியில் நிற்கும் சாம்பல் மண்ணை அவரும் பார்த்திருக்கிறார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், வழியில் கடையிலிருந்து தன் பழைய கடப்பாரையை எடுத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அப்போது மணி இரண்டு இருபது.

இரண்டே முக்காலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, வேலிக்கு இந்தப் பக்கம் முள்ளுக்குள்ள அண்ணன் சைக்கிள் இருக்கு. குழி வாயி வெளியிலதான். ஆனா உள்ள வேலிக்கு அடியில போயிருக்கு. வாயி மூடிக்கிச்சு. கடப்பாரையை இறக்கித் தட்டினேன். திருப்பித் தட்டுது அண்ணி." எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "நான் ஒரு ஆளு. அள்ள அள்ள வந்து விழுது. பாக்குறேன்" என்றார். இரண்டு பேரை அனுப்பவா என்றேன். தெருக்காரர்கள் யாராவது அங்கிருந்து நகர்ந்தால் மேற்பார்வையாளரும் பின்னாலேயே வருவார் என்று அவரே வேண்டாம் என்றார்.

அதன் பிறகு நான் சூளைப் பள்ளத்தின் கரையில் நின்றேன். எனக்கு முன்னால் இயந்திரம் சிவப்பு மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள் பதினைந்து பேருக்கு மேல் உள்ளே நின்று என் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்து துணி சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். அந்தக் குழியில் யாரும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

மூன்று இருபதுக்கு இரண்டாவது முறை போன் வந்தது. "அண்ணி, சொல்லிடுங்க. மெஷின் வேணும். ரெண்டு வருஷம் உள்ள இருந்தா இருக்கட்டும், போய்ப் பாத்துக்கலாம். சொல்லிடுங்க அண்ணி." போனை அணைக்கவில்லை. அப்படியே ஆய்வாளர் ஐயாவிடம் போய், இடம் இது அல்ல, கம்பெனி வேலிக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியதை எழுத வேண்டாம் என்று நானே சொல்கிறேன். தீயணைப்புக்காரர்கள் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார்கள். அங்கே போய்க் குழி வாயில் மண்வெட்டியால் அள்ளியும், ஊறிய மண் சரிந்து சரிந்து விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவர், யாரும் சொல்லாமலேயே, இயந்திரத்தை அந்தப் பக்கம் திருப்பினார். மேற்பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் சொன்னது இது: "சார், பொது இடம்னு சொன்னீங்க, அனுப்பினோம். எங்க இடத்துல, எங்க வேலியை வெட்டி, திருடப் போனவனுக்காகத் தோண்டணும்னா நான் மேல கேக்கணும்." அதன் பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். முதலாளி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பதாகவும், எழுப்பிக் கேட்டுச் சொல்வதாகவும் பதில் வந்ததாக அவரே வந்து சொன்னார். ஆய்வாளர் ஐயா, "யோவ், உள்ள ஆளு இருக்கான்யா" என்றார். அவர் அப்படிச் சொன்னதை எழுதலாமா என்று இப்போது கேட்டேன், எழுதினார். "தெரியும் சார். அதுக்குத்தான் கேக்குறேன். நாளைக்கு எங்க மேல வரக் கூடாது பாருங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அந்த நேரத்தில் கொழுந்தன் கடப்பாரையை மண்ணில் ஆழமாக இறக்கி, அதன் தலையில் போனை ஒட்டி வைத்திருந்தார். நான் என் போனை இடது காதில் வைத்திருந்தேன். மூன்று தட்டு, பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. வீட்டில் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அவர் வெளியிலிருந்து தட்டுவதும் அப்படித்தான்.

மூன்றே முக்காலுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. அதன் பிறகு மேற்பார்வையாளர் தன் வண்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து, இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையின் மேல் வைத்து எழுதினார். பேனா மண்ணில் பட்டு எழுதவில்லை, உதறி உதறி எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். என் கணவர் சட்டவிரோதமாகக் கம்பெனி இடத்தில் நுழைந்தார் என்றும், அவருடைய உடலை எடுக்கக் கம்பெனி மனிதாபிமானத்தோடு உதவுகிறது என்றும், இது தொடர்பாகக் கம்பெனி மேல் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்றும் அதில் இருந்தது. உடல் என்ற சொல்லை நான் படித்தேன். என் காதில் மூன்று தட்டு கேட்டது. கையெழுத்துப் போட்டேன். மணி மூன்று ஐம்பது.

அதன் பிறகு இயந்திரம் கிளம்பியது. அது நடந்து போகிற ஆளைவிட மெதுவாகத்தான் போகும். நான் அதன் கூடவே நடந்தேன். முன்னால் ஓடிப் போக வேண்டும் என்று தோன்றவில்லை, நான் போய்விட்டால் அது நின்றுவிடும் என்று பயந்தேன். ஓட்டுகிறவர் மேலேயிருந்து, "அக்கா, இதுக்கு மேல இது போகாது அக்கா" என்று இரண்டு முறை சொன்னார். வழியில் காதில் தட்டும் சத்தம் மூன்றிலிருந்து இரண்டானது. வேலிக்குப் போய்ச் சேரும் முன்னால் நின்றது. இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து மற்ற காதுக்கு மாற்றினேன். போன் அணையவில்லை, கொழுந்தன் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு இருபதுக்கு வேலியை வெட்டினார்கள். நாலு ஐம்பதுக்கு அவரை எடுத்தார்கள். உட்கார்ந்த நிலையில் இருந்தார். மேலே காயம் எதுவும் இல்லை. தண்ணீர் கேன் காலியாக இருந்தது. கையில் கடப்பாரை இருந்தது. மருத்துவமனையில் அவர் மேல் போர்த்திய விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் தைத்த எண் எண்பத்தாறு. அதைச் சனிக்கிழமை நான்தான் துவைத்து மடித்து வைத்தேன்.

சம்பவ இடத்தில் கைப்பற்றியதாகப் படித்துக் காட்டிய பட்டியலில் சைக்கிள் ஒன்று, மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, "கம்பெனிக்குச் சொந்தமான பச்சைக் கண்ணாடி" பதினொன்று என்று உள்ளது. செருப்பைக் கேட்டேன். வழக்கு முடிந்த பிறகுதான் என்றார்கள். வழக்கு யார் மேல் என்று கேட்டேன். திருட்டுக்கு என் கணவர் மேல், அவர் இறந்துவிட்டதால் அது முடிந்துவிடும் என்றும், உடந்தைக்கும் பொய்த் தகவல் கொடுத்ததற்கும் என் மேல் என்றும் சொன்னார்கள். கம்பெனி கொடுத்திருக்கும் கடிதத்தில், நான் இடத்தை மறைத்ததால்தான் சாவு என்றும், இயந்திரம் கிளம்பும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்றும் உள்ளதாக அறிந்தேன். எப்போது இறந்தார் என்று மணி சொல்ல முடியாது என மருத்துவர் எழுதியிருக்கிறார்.

இடத்தை மறைத்தது உண்மை. இரண்டேகாலிலிருந்து மூன்று இருபத்தைந்து வரை மறைத்தேன். அந்த ஒரு மணி பத்து நிமிடம் என்னுடையது. அதை யார் மேலும் போடவில்லை. ஆனால் மூன்று இருபத்தைந்திலிருந்து மூன்று ஐம்பது வரை என்னுடையது அல்ல. அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் தட்டினார். நான் இரண்டேகாலுக்கே சொல்லியிருந்தால் இயந்திரம் இரண்டேகாலுக்கே வேலியை வெட்டியிருக்குமா என்று கேட்டேன். வாக்குமூலத்தில் நடந்ததைத்தான் எழுதலாம், கேள்வி எழுத முடியாது என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். நான் கேட்டேன் என்பது நடந்ததுதானே என்றேன். எழுதினார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை வாங்கிப் படித்தேன். நாலாவது பக்கத்தில் "தட்டும் சத்தம் கேட்டது போல் இருந்தது" என்று எழுதியிருந்ததை அடித்து, "கேட்டது" என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள், பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடம், வரைபடத்தில் குறித்துள்ளபடி, வேலியின் பதினேழாவது கம்பத்துக்கும் பதினெட்டாவது கம்பத்துக்கும் நடுவே, உள்ளே ஒன்பதடி. இந்த முறை இடத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியிடம் இருக்கும் தாளிலும் இதிலும் இருப்பது ஒரே ஆளின் கையெழுத்துதான். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், இதில் உள்ளதுதான் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஆய்வாளர்)